கோட்டையைக் கப்பலேற்றிய கோர்டா

முன்னுரை

வணிகவியல் படிக்கும் மாணவன் திரைப்படத்தைப் பற்றி ஏன் எழுதுகிறான் என்று இவ்விதழைப் புரட்டும் நண்பர்கள் வியக்கக்கூடும். கதரையும் காப்பியையும் கடல் கடந்து விற்பது வணிகம் என்றால், ஒரு நாட்டின் சிரிப்பையும் காதலையும் இன்னொரு நாட்டில் விற்பதும் வணிகம்தானே! சொல்லப் போனால் அதுவே அரிய வணிகம். காப்பிக்கொட்டைக்கு எந்த நாட்டிலும் மணம் ஒன்றே. சிரிப்போ ஊருக்கு ஊர் வேறுபடும். நம் ஊர்த் திண்ணையில் வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கும் ஒரு கதையை ஆயிரம் கல் தொலைவில் சொன்னால் கேட்பவர் கொட்டாவி விடலாம்.

இங்கிலாந்தின் நகைச்சுவைக் காதல் படங்கள் இன்று உலகெங்கும் ஓடுகின்றன. அவற்றை அயல்நாட்டாருக்கு எப்படி விற்கிறார்கள் என்று விற்பனையியல் வகுப்பில் ஒரு நாள் பேச்சு எழுந்தது. அதற்கு விடை தேடி நூலகத்தில் பல நாள் உட்கார்ந்தேன். தேடிய வழி என்னை ஒரு மனிதரின் வாழ்க்கையில் கொண்டுபோய் விட்டது. அவர் பிறப்பால் ஆங்கிலேயர் அல்லர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசியவரும் அல்லர். ஆயினும் ஆங்கில நாட்டுப் படத்தை உலகச் சந்தைக்கு முதன்முதலில் பெருமையோடு கொண்டு சென்றவர் அவரே என்றால் மிகையாகாது. அவர்தாம் சர் அலெக்சாண்டர் கோர்டா.

பிறப்பும் இளமையும்

ஹங்கேரி நாட்டின் பரந்த சமவெளியில், துர்க்கெவெ என்னும் சிற்றூரை அடுத்து, 1893-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் நாள் பிறந்தார் அவர். பெற்றோர் இட்ட பெயர் ஷாண்டோர் லாஸ்லோ கெல்னர். யூதக் குடும்பம். தந்தை ஒரு பண்ணையின் மேலாளர். ஷாண்டோருக்குப் பின் ஜோல்டான், வின்சென்ட் என இரு தம்பியர் பிறந்தனர். இம்மூவரும் பிற்காலத்தில் ஒரே படத்தில் ஆளுக்கொரு பொறுப்பை ஏற்று உழைத்தது திரையுலகம் கண்ட அரிய காட்சி. மூத்தவர் படத்தை எடுக்க, அடுத்தவர் இயக்க, இளையவர் அரங்கம் அமைப்பார்.

இளமையிலேயே கண்பார்வை குன்றிவிட்டது. தடித்த கண்ணாடி இல்லாமல் அவரால் இயங்க முடியாது. கண்ணுக்கு விருந்து படைக்கும் தொழிலில் பின்னாளில் கொடிகட்டிப் பறந்தவரின் கண்களுக்கே ஒளி குறைவு! பதின்மூன்று வயதில் தந்தையை இழந்தார். குடும்பச் சுமை இளந்தோளில் ஏறியது. புடாபெஸ்ட் நகரம் சென்றார். செய்தித்தாளுக்கு எழுதினார். அப்போதுதான் கோர்டா என்னும் புனைபெயரைச் சூடிக்கொண்டார். நெஞ்சங்களை மேலே உயர்த்துங்கள் என்று பொருள்படும் ஒரு லத்தீன் வழிபாட்டுத் தொடரிலிருந்து எடுத்த பெயர் அது. பெயரை மாற்றிக்கொண்டால் பொருளின் மதிப்பும் மாறும் என்ற முதல் வணிகப் பாடத்தை அவர் தம்மிடமே பயின்றார் என்று எனக்குத் தோன்றுகிறது.

நாடு விட்டு நாடு

1914-இல் இயக்குநரானார், 1917-இல் கொர்வின் என்னும் படப்பிடிப்பு நிலையத்தின் உரிமையாளரானார். இருபத்து நான்கு வயதில் இது எளிய செயலன்று. 1919-இல் ஹங்கேரியில் பொதுவுடைமை ஆட்சி ஏற்பட்டது; படத்தொழில் நாட்டுடைமை ஆயிற்று. சில திங்களில் அவ்வாட்சி கவிழ்ந்து எதிர்ப்புரட்சியாளர் வென்றனர். யூதர்களும் ஐயத்திற்கு உரியவர்களும் வேட்டையாடப்பட்டனர். கோர்டாவும் கைது செய்யப்பட்டார். மனைவி மரியாவின் முயற்சியால் விடுதலை பெற்று நாட்டை விட்டு வெளியேறினார். பிறந்த மண்ணை அவர் மீண்டும் மிதிக்கவே இல்லை.

வியன்னா, பெர்லின், ஹாலிவுட், பாரிஸ் என்று பன்னிரண்டு ஆண்டுகள் அலைந்தார். ஹாலிவுட்டில் 1927-இல் அவர் எடுத்த 'திராய் நகர் ஹெலனின் சொந்த வாழ்க்கை' என்ற படம் நம் கவனத்திற்கு உரியது. ஓராயிரம் கப்பல்களைப் போருக்கு அனுப்பிய பேரழகியை அவர் வீட்டுக்குள் அழைத்து வந்தார். கணவனும் மனைவியும் துணிமணிக்காகவும் தூக்கத்திற்காகவும் சண்டையிடும் வேடிக்கையாகப் பழங்காவியத்தை மாற்றினார். உலகமே அறிந்த பெரிய பெயர். அதற்குள்ளே எல்லா வீட்டிலும் நடக்கும் சிறிய சச்சரவு. பிற்காலத்தில் அவருக்குச் செல்வத்தைக் கொட்டிக் கொடுத்த சூத்திரம் இதுவே. எனினும் ஹாலிவுட் அவரை நெடுநாள் வைத்துக்கொள்ளவில்லை. முதலாளிகளோடு பிணங்கி 1930-இல் வெறுங்கையோடு வெளியேறினார். மணவாழ்வும் அவ்வாண்டிலேயே முறிந்தது.

லண்டன் வாழ்வு

1931-இல் லண்டன் வந்தபோது அங்குப் படத்தொழில் எந்நிலையில் இருந்தது? திரையரங்குகள் நிறைந்திருந்தன, ஆனால் அவற்றில் ஓடியவை பெரும்பாலும் அமெரிக்கப் படங்கள். இதைத் தடுக்க 1927-இல் அரசு ஒரு சட்டம் இயற்றியது. படங்களை விநியோகிப்போரும் திரையிடுவோரும் குறிப்பிட்ட விழுக்காடு பிரிட்டிஷ் படங்களைக் கட்டாயம் ஏற்க வேண்டும் என்றது அச்சட்டம். நோக்கம் நல்லது, விளைவு வேறு. அமெரிக்க நிறுவனங்கள் சட்டத்தின் வாயை மூடுவதற்காக லண்டனில் மலிவான படங்களை அவசர அவசரமாக எடுத்துத் தள்ளின. பிரிட்டிஷ் படம் என்றாலே மக்கள் முகம் சுளிக்கும் நிலை வந்தது. தன் வீட்டாரே உண்ணாத பண்டத்தை அயலார் விலை கொடுத்து வாங்குவாரோ?

கோர்டா முதலில் அத்தகைய ஓர் அமெரிக்க நிறுவனத்திற்காகவே 'சர்வீஸ் ஃபார் லேடீஸ்' என்ற நகைச்சுவைக் காதல் படத்தை எடுத்தார். உணவு விடுதியின் தலைமைப் பரிசாரகன் உயர்குடிப் பெண்ணைக் காதலிக்கும் கதை. லெஸ்லி ஹோவர்ட் நடித்தார். 1932-இல் வெளிவந்த அப்படம் அமெரிக்காவில் 'ரிசர்வ்ட் ஃபார் லேடீஸ்' என்று பெயர் மாறிச் சென்றது. கடல் கடக்கும் பண்டத்திற்கு உறை மாற்றும் வழக்கம் அன்றே இருந்தது என்பதற்கு இது சான்று.

அவ்வாண்டிலேயே லண்டன் ஃபிலிம்ஸ் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் சின்னம் எது தெரியுமா? நாடாளுமன்றத்தின் பிக் பென் மணிக்கூண்டு! ஹங்கேரியில் பிறந்தவர் இங்கிலாந்தின் முகவரியையே தம் கடையின் பெயர்ப் பலகையில் எழுதிக்கொண்டார். உள்ளூரார்க்குப் பழகிப்போன மணிக்கூண்டு, அயலூரார்க்கு ஓர் அற்புதம். வெளியிலிருந்து வந்தவருக்கே ஒரு நாட்டில் எது விலைபோகும் என்று பளிச்செனத் தெரிகிறது போலும்.

அரசர் வீட்டு அடுக்களை

1933-இல் வந்தது 'எட்டாம் ஹென்றியின் சொந்த வாழ்க்கை'. சுமார் 60,000 பவுன் செலவு. பெரிய கம்பெனிகளின் கணக்கில் இது பெருந்தொகை அன்று. கோர்டாவுக்கோ உயிரையே பணயம் வைத்தது போல. அந்தப் பணத்தை இங்கிலாந்தில் மட்டும் ஓட்டி எடுக்க இயலாது. அமெரிக்கத் திரையரங்குகளின் கதவு திறந்தாக வேண்டும். அந்தக் கதவின் சாவி விநியோகஸ்தர் கையில் இருந்தது.

சாப்ளின், மேரி பிக்ஃபோர்டு, டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் முதலியோர் நிறுவிய யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ், தானே படம் எடுக்காமல் பிறர் எடுத்ததை விநியோகிக்கும் நிறுவனம். நிறைய அரங்குகளுக்குப் படம் கொடுக்க வேண்டும்; ஆனால் கையில் போதிய படங்கள் இல்லை. கோர்டாவிடம் படம் உண்டு, வழி இல்லை. பசித்தவனும் சோறு வைத்திருப்பவனும் சந்தித்த சந்திப்பு அது. ஒப்பந்தம் முடிந்தது.

அடுத்து அவர்கள் செய்ததுதான் விற்பனையியல் மாணவர் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. ஆங்கில அரசரைப் பற்றிய ஆங்கிலப் படத்தை லண்டன் காணுமுன் நியூயார்க் கண்டது. 1933 அக்டோபரில், ஏறத்தாழ 6,000 இருக்கைகள் கொண்ட ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் படம் திரையிடப்பட்டது. கூட்டம் அலைமோதியது. அந்த வெற்றிச் செய்தி அட்லாண்டிக் கடலைக் கடந்து முன்னே வந்து சேர, அத்திங்களிலேயே லண்டனில் படம் வெளிவந்தது. தன் ஊர்ச் சரக்கை ஐயத்தோடு பார்த்த லண்டன் மக்கள், அமெரிக்காவே மெச்சியதாமே என்று ஆவலோடு வரிசையில் நின்றனர். ஊரார் மெச்சினால்தான் உள்ளூரார் மதிப்பார் என்ற உலக வழக்கை அவர் விற்பனை உத்தியாக்கிக் கொண்டார்.

படத்தில் என்ன இருந்தது? அரசியல் இல்லை, மதப் பூசல் இல்லை. ஆறு மனைவியரை மணந்த அரசனின் குடும்பத் தொல்லைகளே இருந்தன. ஹென்றியின் உருவத்தை ஹோல்பைன் என்ற ஓவியர் தீட்டிய படம் உலகறிந்தது. சார்லஸ் லாட்டன் அந்த ஓவியம் எழுந்து நடப்பது போலவே வந்தார். கோழியைக் கையால் பிய்த்துத் தின்றார். எலும்பைத் தோளுக்குப் பின்னே எறிந்தார். நான்காம் மனைவியான ஆனுடன் மணநாள் இரவில் சீட்டாடித் தோற்றார். ஆனாக நடித்த எல்சா லான்செஸ்டர், லாட்டனின் உண்மை மனைவியே. மனைவியிடம் தோற்கும் கணவனைப் புரிந்துகொள்ள எந்த நாட்டானுக்கும் வரலாற்றுப் பாடம் தேவையில்லை அல்லவா?

சிறந்த நடிகருக்கான ஆஸ்கார் பரிசு லாட்டனுக்குக் கிடைத்தது. சிறந்த படத்திற்கான பரிசுப் பட்டியலில் இடம்பெற்ற முதல் பிரிட்டிஷ் படமும் இதுவே. 1935-இல் கோர்டா யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸின் பங்காளியாகவே ஆகிவிட்டார்.

ஆனால் ஒரே விதை எல்லா நிலத்திலும் முளைப்பதில்லை. 1934-இல் 'டான் ஹுவானின் சொந்த வாழ்க்கை'யை எடுத்தார். அமெரிக்காவின் பழம்பெரும் நாயகர் ஃபேர்பேங்க்ஸே நடித்தார். தான் இறந்துவிட்டதாக ஊர் நம்பும்போது, உயிரோடு வந்து நிற்கும் முதிய காதல் மன்னனை ஒருவரும் ஏற்க மறுக்கும் கதை. முதுமை எய்திய ஃபேர்பேங்க்ஸை மக்களும் ஏற்க மறுத்தனர்! கதையே நடப்பாயிற்று. படம் தோற்றது, ஃபேர்பேங்க்ஸின் கடைசிப் படமும் அதுவே ஆயிற்று. பெயரைக் கொண்டு மக்களை வாயில் வரை அழைத்து வரலாம். உள்ளே உட்கார வைப்பது பண்டத்தின் தரமே.

கோட்டை கப்பலேறியது

கோர்டாவின் படங்களில் என் உள்ளம் கவர்ந்தது 1935-இல் வந்த 'த கோஸ்ட் கோஸ் வெஸ்ட்'. மேற்கே போன பேய் என்று சொல்லலாம். காதலும் நகைச்சுவையும் மாயமும் கலந்த இப்படத்தின் கதையே, பிரிட்டனை அமெரிக்காவுக்கு விற்கும் கதைதான்.

ஸ்காட்லாந்தில் ஒரு பழங்கோட்டை. அதன் வாரிசான இளைஞன் கடனில் மூழ்கியிருக்கிறான். அமெரிக்கச் செல்வர் ஒருவர் தம் மகளின் விருப்பத்திற்காகக் கோட்டையை விலை பேசுகிறார். அங்கேயே தங்குவதற்கு அன்று! ஒவ்வொரு கல்லாகப் பெயர்த்துக் கப்பலேற்றி, ஃபுளோரிடாவில் மீண்டும் கட்டுவதற்கு. கோட்டையில் ஒரு பேய் உண்டு. பகைக் குடும்பத்தாரிடம் மானமிழந்து இறந்த மூதாதையின் ஆவி அது. கல் போகும் இடத்திற்கு அதுவும் போகிறது. கப்பலில் பேய் தோன்றியதும் அமெரிக்க முதலாளிகள் அஞ்சவில்லை; மாறாக, தம் கடைச் சரக்குக்கு இதைவிட நல்ல விளம்பரம் ஏது என்று மகிழ்கின்றனர். போட்டி வணிகர் ஒருவர் பொறாமையால் துடிக்கிறார். அவரே பழைய பகைக் குடும்பத்தின் வழித்தோன்றல் என்பது இறுதியில் தெரிகிறது. பேய் மானத்தை மீட்டு விடுதலை பெறுகிறது. வாரிசும் அமெரிக்கப் பெண்ணும் இணைகின்றனர்.

இதனை இயக்கியவர் ரெனே கிளேர், பிரெஞ்சுக்காரர். வாரிசாகவும் பேயாகவும் இரட்டை வேடம் ஏற்றவர் ராபர்ட் டொனாட், ஆங்கிலேயர். நாயகி ஜீன் பார்க்கர், அமெரிக்கர். திரைக்கதையில் உழைத்த ராபர்ட் ஷெர்வுட்டும் அமெரிக்கரே. தயாரித்தவர் ஹங்கேரியர். இப்படிப் பல நாட்டார் கூடிச் சமைத்த ஸ்காட்லாந்து விருந்து அது! எந்த நாட்டுக்கு விற்க வேண்டுமோ அந்த நாட்டின் ஒருவரைக் கதைக்குள்ளேயே உட்கார வைத்துவிடுவது கோர்டாவின் வழி. அமெரிக்கப் பார்வையாளன் அந்த அமெரிக்கப் பெண்ணின் கண்கொண்டு ஸ்காட்லாந்தைப் பார்க்கிறான், அவளோடு வியக்கிறான், அவளோடு காதலிக்கிறான்.

இன்னும் ஒன்று. வாங்குபவனைக் கிண்டல் செய்தே அவனுக்கு விற்ற படம் இது. அமெரிக்கச் செல்வரின் அறியாமையைக் கண்டு பிரிட்டிஷார் சிரித்தனர். தம் செல்வச் செருக்கைத் தாமே எள்ளி அமெரிக்கரும் சிரித்தனர். இருபுறமும் சிரித்த சிரிப்பில் காசு ஒரே பெட்டியில் விழுந்தது.

மறைக்கப்பட்ட தாய்

இதுவரை அவர் திறமையைப் பாடினேன். இனி எழுதுவதை எழுத என் கை தயங்குகிறது. ஆயினும் எழுதத்தான் வேண்டும்.

ஹென்றி படத்தில் ஆன் பொலினாகச் சில நிமிடங்களே தோன்றி உலகின் உள்ளம் கவர்ந்த நடிகை மெர்ல் ஓபரான். கோர்டா அவரை நட்சத்திரமாக்கினார், 1939-இல் மணந்தார், 1945-இல் மணவிலக்கு ஆயிற்று. இந்த அம்மையார் பிறந்தது 1911-இல், நம் பம்பாயில். வளர்ந்தது பம்பாயிலும் கல்கத்தாவிலும். அவரை வளர்த்த சார்லட் அம்மையார் இலங்கையில் வேர்விட்ட கலப்பினக் குடும்பத்தவர்; நிறம் கறுப்பு.

அந்நாளில் அமெரிக்கத் திரையில் நிறவேற்றுமை இரும்புச் சுவராக நின்றது. வெள்ளையரும் மற்றோரும் காதலிப்பதாகக் காட்டுவதற்கே படவுலகின் தணிக்கை விதிகள் தடை விதித்தன. காதல் படத்தின் நாயகி கல்கத்தாவிலிருந்து வந்தவர் என்றால் சந்தை மூடிவிடும். ஆகவே விளம்பரத் துறையினர் அவருக்குப் புதிய பிறப்பிடம் கற்பித்தனர். ஆஸ்திரேலியாவின் தெற்கே உள்ள டாஸ்மேனியாத் தீவு! அது தொலைவான இடம். யாரும் போய் விசாரிக்க மாட்டார்கள். உடன் வாழ்ந்த சார்லட் அம்மையாரை வந்தவர்களுக்குப் பணிப்பெண் என்று அறிமுகம் செய்யும் நிலை நேர்ந்தது என்று அவர் வாழ்க்கையை எழுதியோர் குறித்துள்ளனர். அந்த அம்மையார் 1937-இல் மறைந்தார். மெர்ல் 1979-இல் மறையும் வரை அந்தப் பொய்யைச் சுமந்தே வாழ்ந்தார். அதற்கு ஓராண்டு முன்பு டாஸ்மேனியாவில் ஊர்மகள் என்று வரவேற்பு அளித்தபோதும் அவரால் வாய்திறந்து உண்மையைச் சொல்ல முடியவில்லை. 1983-இல் வெளிவந்த வாழ்க்கை வரலாற்று நூல்தான் உண்மையை உலகறியச் செய்தது.

இதைப் படித்த அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. காரணம் உண்டு.

நான் முதலாம் ஆண்டு சேர்ந்து விடுதியில் தங்கிய நாட்களில் ஒரு ஞாயிறன்று என் அம்மா வந்தார். களை எடுக்கும் கை, வெயிலில் கறுத்த முகம், காலில் செருப்பில்லை. ஒரு தூக்குச் சட்டியில் குழம்பும், துணியில் முடிந்த பொரிவிளங்காய் உருண்டையும். வாசலில் நின்றவரை அறைத்தோழன் பார்த்து யார் என்று கேட்டான். ஊர்க்காரம்மா என்று சொல்லிவிட்டேன். அம்மாவின் காதில் அது விழுந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தூக்குச் சட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, பேருந்துக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டார்.

மெர்லின் பொய்க்காவது ஒரு கொடிய உலகம் காரணமாக இருந்தது. என் பொய்யைக் கேட்டு எந்தச் சந்தையும் எனக்குத் திறக்கவில்லை. பண்டத்தின் உறையை மாற்றுவது வணிகம். படத்தின் பெயரை மாற்றுவதும் வணிகம். பெற்றவளை மாற்றுவது வணிகமாகுமா? கோர்டாவின் புகழுக்கு நான் இடும் முதல் மதிப்பெண் குறைப்பு இதுதான். அதே சிவப்பு மையால் எனக்கும் இட்டுக்கொண்டேன்.

அகலக் கால்

வெற்றி மயக்கம் யாரை விட்டது? புருடென்ஷியல் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் பெரும்பொருளைக் கொண்டு டென்ஹாம் என்னுமிடத்தில் ஏழு தளங்கள் கொண்ட மாபெரும் படப்பிடிப்பு நிலையத்தை 1936-இல் திறந்தார். நிலையம் பெரிது, தீனியும் பெரிது. ஆண்டு முழுவதும் தளங்களை நிரப்பும் அளவுக்குப் படங்கள் இல்லை. அமெரிக்காவிலிருந்து எதிர்பார்த்த வசூலும் எல்லாப் படத்திற்கும் வரவில்லை. அகலக் கால் வைத்தவர் ஆழத்தில் விழுந்தார். பத்தாண்டு முடிவதற்குள் டென்ஹாம் அவர் கையை விட்டுப் போயிற்று.

அந்த நெருக்கடியிலும் 1938-இல் 'த டைவர்ஸ் ஆஃப் லேடி எக்ஸ்' என்ற அழகிய நகைச்சுவைக் காதல் படம் வந்தது. லண்டனில் பனிமூட்டம் அடர்ந்து யாரும் வீடு திரும்ப முடியாத இரவு. விடுதியில் ஒரு வழக்கறிஞரின் அறையைக் குறும்புக்காரப் பெண் ஒருத்தி கைப்பற்றிக்கொள்கிறாள். மறுநாள் மணவிலக்கு வழக்குக்கு வந்த பிரபுவின் மனைவி அவளே என்று எண்ணி அவர் படாத பாடு படுகிறார். மெர்ல் ஓபரானும் லாரன்ஸ் ஒலிவியரும் நடித்தனர். கோர்டாவின் நிறுவனம் 1933-இல் கறுப்பு வெள்ளையில் எடுத்த கதையே இது. இப்போது டெக்னிகலர் வண்ணம் பூசி, அமெரிக்க இயக்குநர் ஒருவரை அமர்த்தி, உலகச் சந்தைக்கு மீண்டும் அனுப்பினார். லண்டனின் பனிமூட்டம் உள்ளூரார்க்குத் தொல்லை. அயலார்க்கோ அதுவே லண்டன்! தொல்லையையும் விற்பனைச் சரக்காக்கிய சாமர்த்தியம் அது.

அவ்வாண்டிலேயே வந்த 'த டிரம்' வேறொரு பாடம் புகட்டியது. மைசூர் யானைப்பாகனின் மகன் சாபுவை 1937-இல் 'எலிஃபண்ட் பாய்' படத்தின் மூலம் உலகுக்கு அறிமுகம் செய்தவர் கோர்டா. அதே சாபு நடித்த 'த டிரம்', வடமேற்கு எல்லையில் வெள்ளையர் வீரத்தைப் பாடியது. இங்கிலாந்தில் கைதட்டிய படத்திற்குப் பம்பாயிலும் நம் சென்னையிலும் எதிர்ப்புக் கிளம்பியது. ஏகாதிபத்தியப் பிரசாரம் என்று மக்கள் கொதித்தெழுந்தனர். காதலித்துச் சிரிக்கும் இங்கிலாந்தை எவரும் வாங்குவர். சவுக்கேந்திய இங்கிலாந்தைச் சவுக்கடி பட்டவன் வாங்குவானா?

இறுதிக் காலம்

போர்க்காலத்தில் ஹாலிவுட் சென்று படம் எடுத்தார். 1941-இல் வந்த படம் பிரிட்டனில் 'லேடி ஹாமில்டன்'. அமெரிக்காவில் 'தட் ஹாமில்டன் வுமன்'. 1942-இல் சர் பட்டம் பெற்றார். திரையுலகில் அப்பட்டம் பெற்ற முதல் இயக்குநர் அவரே. 1945-இல், போரில் பிரிந்து மாறிப்போன கணவனும் மனைவியும் மீண்டும் சந்திப்பதை 'பர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' என்ற படமாக இயக்கினார். ஒருவரையொருவர் அறியாதவர் என்று பிரிட்டன் சொன்னதை, 'வெகேஷன் ஃப்ரம் மேரேஜ்', அதாவது மணவாழ்வுக்கு விடுமுறை என்று அமெரிக்கா சொன்னது. ஒன்றில் பெருமூச்சு, மற்றொன்றில் புன்னகை. பெயர் மாற்றத்திலேயே இரு நாட்டு மக்களின் உள்ளத்தை எடைபோடலாம். 1947-இல் ஆஸ்கார் ஒயில்டின் 'ஆன் ஐடியல் ஹஸ்பண்ட்' நாடகத்தைப் படமாக்கியபோது அமெரிக்க நட்சத்திரம் பாலெட் கொடார்டை அழைத்து வந்தார். அவர் இயக்கிய கடைசிப் படம் அது.

பிரிட்டிஷ் லயன் என்ற விநியோக நிறுவனத்தை வாங்கி மீண்டும் எழுந்தார். அரசு 30 இலட்சம் பவுன் கடன் கொடுத்தது. அதுவும் 1954-இல் மூழ்கியது. ஆனாலும் மனிதர் ஓயவில்லை. 1955-இல் வெனிஸ் நகரில் அமெரிக்கப் பெண் ஒருத்தியின் காதலைச் சொல்லும் படம், பிரிட்டனில் 'சம்மர் மேட்னெஸ்' என்றும் அமெரிக்காவில் 'சம்மர்டைம்' என்றும் வெளிவந்தது. நாயகி காதரின் ஹெப்பர்ன். நினைவிழந்து விழித்தெழும் ஒருவன் தனக்குப் பல மனைவியர் இருப்பதை ஒவ்வொருவராகக் கண்டறியும் 'த கான்ஸ்டன்ட் ஹஸ்பண்ட்' என்ற நகைச்சுவைப் படம், 1955 நவம்பரில் அமெரிக்கத் திரையரங்குகளுக்குச் செல்லுமுன்பே அந்நாட்டுத் தொலைக்காட்சியில் காட்டப்பட்டது. தொலைக்காட்சியைப் படமுதலாளிகள் எமனாக எண்ணி நடுங்கிய காலத்தில், கோர்டா அதை இன்னுமொரு கடைவீதியாகக் கண்டார்.

1956 ஜனவரி 23-ஆம் நாள் லண்டனில், தம் 62-ஆம் வயதில் கோர்டா மறைந்தார். பிற்காலத்தில் சிறந்த பிரிட்டிஷ் படத்திற்கான பரிசு ஒன்று அவர் பெயரைத் தாங்கி வழங்கப்பட்டது. ஹங்கேரிக் கிராமத்துச் சிறுவனின் பெயர் பிரிட்டிஷ் படத்தின் உரைகல் ஆயிற்று!

முடிவுரை

1994-இல் வந்த 'ஃபோர் வெட்டிங்ஸ் அண்ட் எ ஃப்யூனரல்' என்ற படத்தை நண்பர் பலர் அறிவர். முப்பது இலட்சம் பவுனுக்கும் குறைந்த செலவில் எடுத்த அப்படம் உலகெங்கும் 24 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அது முதலில் வெளிவந்தது எங்கே? மார்ச்சில் அமெரிக்காவில்! அங்கு வென்ற பின்னர், மே மாதத்தில்தான் பிரிட்டனில் வெளிவந்தது. ஆங்கில நாயகனுக்கு இணையாக அமெரிக்க நாயகி. 1999-இல் 'நாட்டிங் ஹில்' படத்தில் லண்டன் புத்தகக் கடைக்குள் நுழைபவரும் அமெரிக்க நட்சத்திரமே. அறுபது ஆண்டுகளுக்கு முன் கோர்டா போட்ட பாதையில் பிற்காலத்தார் தார் ஊற்றினர், அவ்வளவே.

அவர் வாழ்க்கையிலிருந்து வணிக மாணவர் கற்க வேண்டியவை மூன்று. முதலாவது, உள்ளூர்ச் சரக்கின் அருமை அயலான் கண்ணுக்கே நன்கு தெரியும். ஆகவே அவன் கண்ணைக் கடன் வாங்கிப் பார்க்க வேண்டும். இரண்டாவது, சரக்கு எவ்வளவு சிறந்ததாயினும் விநியோக வழி கையில் இல்லாதவன் வாசலிலேயே நிற்பான். மூன்றாவது, விற்பதற்கு ஓர் எல்லை உண்டு. வணிகரின் அறத்தை வள்ளுவப் பெருந்தகை நடுவு நிலைமை அதிகாரத்தில் வைத்ததன் பொருளை இப்போதுதான் உணர்கிறேன்.

கோர்டாவின் கதையில் கோட்டை கப்பலேறிப் போயிற்று. ஆனால் அதன் பேயும் கூடவே போயிற்று. கல்லைப் பெயர்க்கலாம், இடத்தை மாற்றலாம், பெயரை மாற்றலாம். நம்மைப் பெற்று விட்டவர்கள் நம்மோடு வந்துகொண்டே இருப்பார்கள்.

இவ்விதழ் அச்சாகி வந்ததும் ஊருக்கு எடுத்துச் செல்வேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நானே உரக்கப் படித்துக் காட்டுவேன், ஒரு பத்தியையும் விடாமல். இவ்வாண்டுக் கல்லூரி விழாவுக்கு அவரை அழைத்து வருவேன். யார் என்று கேட்போருக்குச் சொல்ல வேண்டிய சரியான விடை இப்போது எனக்குத் தெரியும்.